ஐந்தாவது பட்டைக்கு ஞானத்தாய்

எர்மெலிந்தா சும்பித்தாஸ் மூன்று மேயர்களுக்கு வரைபடம் போட்டவள். முதல் மேயர் காலத்தில் நகராட்சிச் சுவர், பெஞ்சு, குப்பைத் தொட்டி எல்லாம் பச்சை. அடுத்தவர் வந்ததும் மஞ்சள். இப்போது ரோஸ். நிறம்தான் மாறியதே தவிர, எர்மெலிந்தாவின் தாளில் கோடு எப்போதும் மேலேதான் ஏறியது. குப்பை அள்ளுவது குறைந்துபோன வருடத்தில், அள்ளிய குப்பையை விட்டுவிட்டு, அதைப் பற்றி வந்த புகார்களை எண்ணினாள். புகார்கள் மடமடவென்று ஏறின. 'மக்கள் பங்கேற்பு வளர்கிறது' என்று அதை மேடையில் காட்டிக் கைதட்டல் வாங்கினார் மேயர். அளவுகோலைப் பூஜ்யத்தில் தொடங்காமல் தொண்ணூற்றில் தொடங்கினால் எலிக்குஞ்சுகூடக் கழுதையாகத் தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி. வேலையோ மூன்று மாத ஒப்பந்தம். ஒவ்வொரு தடவையும் மேயர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மூன்று மாதம். அப்படிப்பட்டவளிடம் போய்ப் பூஜ்யத்திலிருந்து தொடங்கு என்று யார் சொல்வது?

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் வடக்கு ஓரத்தில், மணல்மலையில் வீட்டின் தலைமேல் வீடாக ஏறி உட்கார்ந்திருக்கிறது சான் இலாரியோ. மூன்றாவது மேயர் பெலிசாரியோ அதுவரை அங்கே சுட்ட கோழிக்கடை நடத்தியவர். பதவியேற்ற அன்றே டாக்டர் ஆகிவிட்டார். இந்த ஊரில் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவரெல்லாம் டாக்டர், கூட்டிக் கழிக்கத் தெரிந்தவரெல்லாம் இஞ்சினியர். அந்தக் கணக்கில் எர்மெலிந்தாவும் இஞ்சினியர்.

ஊரின் ஆண்டு விழாவுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு வரைபடம் வேண்டும் என்றார் மேயர். ஊரில் ஐந்து பகுதிகள், ஏறக்குறைய சமமான வீடுகள். கீழே பெரிய சாலையோரம் குழாயில் நாள் முழுக்க, இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வரும். சந்தைப் பக்கம் இருபது மணி நேரம். பள்ளிக்கூடத்துப் பக்கம் நாலு. அதற்கு மேலே இரண்டு. உச்சியில் குழாயே இல்லை. நகராட்சி லாரி இலவசமாக வந்து நீல டிரம்களை நிரப்பிவிட்டுப் போகும். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தாள். பத்து வந்தது.

"பத்தா? சபாஷ் இஞ்சினியர். சராசரி எட்டைத் தாண்டிட்டா இலவச லாரி வேண்டாம்னு தீர்மானமே இருக்கு. லாரிய நிறுத்திட்டு அந்தக் காசுல ஊர் முகப்புல ஒரு வளைவு கட்டிரலாம்."

"டாக்டர், அஞ்சையும் வரிசையா நிறுத்தி நடுவுல நிக்கிறதப் பாத்தா நாலுதான் வருது."

"நடுவுல நிக்கிறவன எதுக்கும்மா பாக்கணும்? பத்துன்னே போடுங்க. ஆமா, உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல?"

பத்து என்றே போட்டாள். சரியாகப் பத்து மணி நேரம் தண்ணீர் வரும் வீடு அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. அந்த வாரமே லாரி நின்றது.

மறுநாள் செனாய்தா பவுக்கார் படியிறங்கி வந்தாள். எர்மெலிந்தாவின் மகனுக்கு ஞானத்தாய். அதனால் அந்த ஊர் முறைப்படி பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. உச்சியில் ஏழைகளுக்கான பொதுச் சமையல் அவள் பொறுப்பில்தான் நடந்தது.

"எங்களுக்குப் பத்து மணி நேரம் தண்ணி வருதாமே. எந்தக் குழாய்ல, கொமாத்ரே? காட்டுனா அண்டாவ அங்க வச்சிருவேன்."

"அது சராசரி, கொமாத்ரே. எல்லாரோடதையும் சேத்துப் பங்கு போட்டது."

"நல்ல பங்கு. தாள்ல பாதிய எனக்குக் குடுத்துட்டு, கீழ இருக்கிறவன் காரக் கழுவுறான். பயறு ஊறவைக்கத் தண்ணியில்ல. மேல புள்ளைங்களுக்கு இன்னிக்கி வெறும் ரொட்டி."

"நான் என்ன பண்றது? சொன்னதப் போடுறவ நான்."

"போடுங்க, போடுங்க. உங்க மகன் தலையில ஞானஸ்நானத் தண்ணி ஊத்துனப்ப நான்தான் தூக்கிக்கிட்டு நின்னேன். அன்னிக்கி சாமியாரும் சராசரியா ஊத்தியிருந்தா பய இன்னும் ஞானஸ்நானம் ஆகாமத்தான் திரிவான்."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். எர்மெலிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது, வேலை போய்விடுமோ என்ற பயம் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வழி திறந்துவிட்டது மேயரின் பொறாமைதான். மலையடிவாரத்துத் தாங்குசுவரில் வரைபடத்தை ஆள் உயரத்துக்கு மேல் எழுதச் சொல்லியிருந்தார். மாதிரியைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"ஒரே ஒரு பட்டையா? பக்கத்து ஊர்க்காரன் அவன் சுவர்ல அஞ்சு வச்சிருக்கான்."

"பகுதிக்கு ஒண்ணா அஞ்சு போட்டுரலாம், டாக்டர்."

"போடுங்க. ரோஸ் கலர்ல."

பூஜ்யத்திலிருந்து தொடங்கி வரைந்து கொடுத்தாள். மேயர் நிறத்தைப் பார்த்தார், தன் பெயரின் எழுத்து அளவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பெயின்டர் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"அஞ்சாவதுக்கு எவ்வளவு பெயின்ட், இஞ்சினியர்?"

"ஒண்ணும் வேண்டாம். கீழ பேர மட்டும் எழுது."

இங்கே எதைத் திறந்துவைத்தாலும் அதற்கு ஞானப்பெற்றோர் வேண்டும். கழிவறைக்கும் உண்டு, கால்பந்து வலைக்கும் உண்டு. ரிப்பனில் தொங்கும் பாட்டிலைச் சுத்தியலால் உடைப்பது அவர்கள் கடமை. ஐந்து பட்டை என்றதும் பகுதிக்கு ஒருவராக ஐந்து பேரை நியமித்தார்கள். தண்ணீர் விழா ஆயிற்றே என்று பாட்டில்களில் மதுவுக்குப் பதில் தண்ணீர். சுவருக்குத் திரை போட்டிருந்ததால் விழா நாள்வரை யாரும் எதையும் கவனிக்கவில்லை.

திரை விலகியது. பேண்டு வாத்தியம் முழங்கியது. நாலு பாட்டில்கள் உடைந்தன. "ஐந்தாவது பட்டையின் ஞானத்தாய், திருமதி செனாய்தா பவுக்கார்" என்று மைக் அழைத்தது. செனாய்தா சுத்தியலோடு போய் நின்றாள். எதிரே வெறும் சுவர், அடியில் அவள் பகுதியின் பெயர், நடுவில் ஊசலாடும் பாட்டில்.

"டாக்டர், என் ஞானப்பிள்ளை எங்க?" என்று கேட்டாள். "ஞானத்தாய்க்குப் புள்ளையக் கண்ணுலயாவது காட்டணுமில்ல?"

கூட்டம் சிரித்தது. உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு நெருங்கினார்கள். மேயர் மைக்கை மூட மறந்து திரும்பினார்.

"இஞ்சினியர், அஞ்சாவது பட்டை எங்க?"

எர்மெலிந்தா வெறும் சுவரைக் கைகாட்டினாள்.

"அங்கதான் இருக்கு டாக்டர். அவ்வளவுதான் அதோட உயரம்."

சிரிப்பு அடங்கிவிட்டது. கேமராவைப் பார்த்தபடியே மேயர், அன்று சாயங்காலமே லாரி மேலே போகும், இனி நிற்காது என்று அறிவித்தார். செனாய்தா பாட்டிலை உடைக்கவில்லை. ரிப்பனை அவிழ்த்து அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இந்த வாரம் மேல போற மொதத் தண்ணி இதுதான்" என்று படியேறினாள்.

லாரி போனது. எர்மெலிந்தாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவள் நாற்காலிக்கு வந்த புது இஞ்சினியர் முதல் வேலையாக 'உச்சிக்குச் சென்ற லாரிகள்' என்று ஒரு வரைபடம் போட்டான். லாரியை நிறுத்திவைத்த அந்த வாரத்திலிருந்து தொடங்கியதால், கோடு பூஜ்யத்தில் புறப்பட்டு ராக்கெட் மாதிரி ஏறியது. எர்மெலிந்தா அதைப் பொதுச் சமையலில் வெங்காயம் உரித்துக்கொண்டே செனாய்தாவிடம் சொன்னாள்.

பயற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த செனாய்தா நிமிரவில்லை.

"அந்தக் கோட்டுக்கு ஞானத்தாய் யாருன்னு விசாரிங்க, கொமாத்ரே. சுத்தியல் இன்னும் எங்கிட்டதான் இருக்கு."