குதிரைக்குள் இருக்கும் கம்பி

வெல்டருக்கு அக்கா புருஷன் மேல் தீராத மனத்தாங்கல். ஊரே வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போகிற குதிரை. அதற்குள் இருக்கும் கம்பி அவன் வைத்தது. "நல்லாப் பண்ணியிருக்க மாப்ள" என்று மாமா இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குட்டையான சாம்பல் நிறக் குதிரை. அந்த இனத்தில் அதுதான் கடைசி. செத்ததும் தோலைப் பாடம் பண்ணி நிறுத்தி, அதன் லாயத்தையே மியூசியம் ஆக்கினார்கள். இரண்டே அறை. ஒன்றில் சேணம், கடிவாளம், வண்டி இழுத்த அதன் முன்னோர்களின் படங்கள். இன்னொன்றில் இது மட்டும். குளம்பிலிருந்து முதுகு வரை கம்பி ஓட்டி, தரையில் காங்கிரீட் போட்டு இறுக்கியிருந்தான் வெல்டர். ஆனை மோதினாலும் அசையாது.

குட்டியிலிருந்து அதைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைத்தவர் மாமா. அதனால் காவல் வேலையை அவருக்கே கொடுத்தார்கள். நாற்காலி மட்டும் கொடுக்கவில்லை. "வாட்ச்மேன் உக்காந்திருந்தா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார் மியூசியம் செயலாளர். குதிரையும் நின்றது, மாமாவும் நின்றார். எது உயிருள்ளது என்று யாராவது கேலி பண்ணினால், "கொட்டாவி விடுறது நானுங்க" என்பார்.

நின்று நின்றே நரம்பு சுருண்டு, கால் வீங்கி, கடைசியில் படுத்த படுக்கையானார். புரண்டு படுக்கவும் அக்கா வர வேண்டும். பார்க்கப் போன வெல்டர், சிரிக்க வைக்கலாம் என்று ஆரம்பித்தான்.

"என்ன மாமா, உங்க கூட்டாளி தனியா நிக்குதே?"

"அது நிக்கிற குதிரையே இல்ல மாப்ள. வண்டியக் கழட்டுனா பொத்துன்னு படுத்துரும். என் மடியில தலைய வச்சுக் குறட்டை விடும். நீ ரொம்ப நல்லாப் பண்ணிட்ட. அதான் வினை."

காத்துக் கிடந்த வார்த்தை வந்தேவிட்டது.

"பொழுதன்னிக்கும் இதே பொலம்பல்தான்டா" என்றாள் அக்கா. "செயலாளருக்கும் சொல்லி விட்டோம். சிரிச்சாராம்."

"கம்பிய அறுத்தா தோல் பொடிப்பொடியா உதிர்ந்துரும் மாமா. கம்பிதான் இப்போ குதிரை. நான் என்ன செய்வேன், சொல்லுங்க?"

வெல்டர் கிளம்பும்போது மாமா அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். அவர் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"நான் படுத்துட்டேன்ல மாப்ள. அதையும் படுக்க வச்சிரு."