உம்மா பைக்குள் வைத்த சஹன்

"ஒரு சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ண அனுமதி இல்லை" என்று ஹோட்டல் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். "நாம ஆளுக்கொன்னுதான வாங்குறோம், ஒனக்கென்ன அதுல?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குச் சொன்னாலும் விளங்காது. அவர் வளர்ந்த வீட்டில் ஆளுக்கொரு தட்டு.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே தட்டு. தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருந்தது எங்கள் வீடு. சஹன் என்று சொல்வோம். பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து பிஸ்மி சொல்லிச் சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்தில் மட்டும்தான் கை வைக்க வேண்டும். நல்ல மீன் துண்டு அகப்பட்டால் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். "இந்தா, ஒன் பக்கம்" என்று உம்மா எனக்குத் தள்ளுவார், நான் தம்பிக்குத் தள்ளுவேன், அவன் கடைசித் தங்கச்சி சின்னவளுக்குத் தள்ளுவான். சில நாள் ஒரே துண்டு தட்டை முழுசாகச் சுற்றிவிட்டு உம்மாவிடமே வந்து நிற்கும். "நான் என்ன செய்ய, அது என்னையத் தேடி வருது" என்று சிரித்துக்கொண்டே அதைப் பிய்த்து மறுபடி எங்களுக்கே வைப்பார்.

வெளியூர் போனாலும் உம்மா ஹோட்டல் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார். புறப்படுமுன் எங்களை உட்காரவைத்து, மூச்சு முட்ட ஊட்டிவிடுவார். தூக்குச்சட்டியில் புளிச்சோறு, அவித்த முட்டை, கணவாய்த் தொக்கு எல்லாம் கூடவே வரும். டீக்கடையில் ரெண்டு டீ வாங்கி நாலு கிளாஸில் ஊற்றுவார். ரொம்பவும் முடியாமல் போனால் பார்சல் வாங்குவார், உட்கார்ந்து சாப்பிட மாட்டார். பார்சலில் ஒரு கை சோறு கூடுதலாக வைப்பார்களாம். கேட்டால் ஒரே பதில்தான். "ஒங்க வாப்பா வெயில்ல நின்ன காசுடி இது."

வாப்பா சவுதியில் இருந்தார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒன்றரை மாத லீவு. சின்னவள் பிறந்தபோது அவர் இல்லை. அடுத்த லீவும் ஏதோ காரணத்தால் தள்ளிப்போனது. அவர் வந்து இறங்கியபோது அவளுக்கு மூன்றரை வயது, எனக்குப் பதின்மூன்று. அவளைப் பொறுத்தவரை வாப்பா என்பவர் போனுக்குள் இருப்பவர். தினமும் வீடியோ காலில் அவருக்கு முத்தம் கொடுப்பாள், சட்டையைக் காட்டுவாள், பாட்டுப் பாடுவாள். மீசையும் பெட்டியுமாக வாசலில் வந்து நின்ற மனிதரைக் கண்டதும் வீலென்று கத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். "இவுகதான் வாப்பா" என்றால், போனைத் தூக்கிக் காட்டி, "வாப்பா இதுக்குள்ள" என்பாள். அவரை மாமா என்று கூப்பிட்டாள், அதுவும் தூரத்தில் நின்றுகொண்டு.

அவர் சஹனில் உட்கார்ந்தால் அவள் எழுந்து ஓடிவிடுவாள். ரெண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "புள்ள சாப்பிடட்டும். நான் பொறவு சாப்பிடுறேன்" என்று வாசல் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் தனியாகத்தான் சாப்பிட்டார். விருந்து, கல்யாணம், கூட வேலை பார்ப்பவர்கள் கொடுத்தனுப்பிய சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று லீவும் கரைந்துவிட்டது. இன்னும் நாலே நாள் இருந்தது. தன் மகள் தன்னோடு ஒருவேளை உட்கார்ந்து சாப்பிடாமலே விமானம் ஏற வேண்டியதுதான் என்று வாப்பா முடிவே செய்துவிட்டார். வாயால் சொல்லவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அன்றைக்குத்தான் அறிவித்தார். "நாளைக்கு தனுஷ்கோடி போறோம். அடுப்பப் பத்தவைக்கக் கூடாது. ஹோட்டல்ல உக்காந்து சாப்பிடுறோம், ராசா மாதிரி."

உம்மா மறுபேச்சுப் பேசவில்லை. எனக்கு ஆச்சரியம். காலையில் பார்த்தால், துண்டில் சுற்றி சஹனைத் துணிப்பையில் திணித்துக்கொண்டிருந்தார். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா இது?"

"இருக்கட்டும்டி. பார்சல் கிர்சல் வாங்குனா ஆகும்."

ராமநாதபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு பஸ். இறங்க ஏற அந்தச் சஹன் எங்கேயாவது இடித்து டங்கென்று சத்தம் போட்டது. பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. பதின்மூன்று வயதில் பெற்றவர்களைப் பார்த்து வெட்கப்படுவதைவிடப் பெரிய வேலை ஏது?

தனுஷ்கோடியில் காற்று ஆளைத் தூக்கியது. வாப்பா சின்னவளுக்கு ஐஸ் வாங்கி நீட்டினார். அவள் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தபடி வாங்கிக்கொண்டாள். தண்ணீரில் கால் நனைக்கும்போதும் அவர் இந்தப் பக்கம் வந்தால் அவள் அந்தப் பக்கம் போனாள். கடலையா பார்த்தோம் அன்றைக்கு? எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் பாம்பனில் இறங்கி ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். வாப்பா கை கழுவப் போன நேரம். உம்மா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, பையிலிருந்து சஹனை இழுத்தார்.

"ரெண்டு சாப்பாடு குடுங்க தம்பி. இலை வேணாம். இதுல ஒன்னாக் கொட்டிருங்க, நாங்க சுத்தி உக்காந்துக்கிருவோம்."

அவர் திருதிருவென்று விழித்தார். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். "யம்மா, இது அளவுச் சாப்பாடு இல்ல. கேக்கக் கேக்கப் போடுறோம். ரெண்டு டோக்கனுக்கு அஞ்சு பேரு சாப்பிட்டா நான் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்." சுவரைக் காட்டினார். அந்த எழுத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

அவர் மேல் தப்பில்லை. இப்போது புரிகிறது. ஆனால் கடை மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. கை கழுவிவிட்டு வந்த வாப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "அஞ்சு டோக்கன் குடுங்க" என்றார். உம்மாவைப் பார்க்கவே இல்லை. உம்மா சஹனைப் பைக்குள் தள்ளினார். அப்போதும் அது டங்கென்றது.

அஞ்சு இலை விழுந்தது. சுவரோரப் பெஞ்சில் இடம் இல்லாமல் சின்னவளை வாப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஓடவும் வழியில்லை; ஒருபுறம் சுவர், மறுபுறம் வாப்பா. எதிரே உம்மாவும் நானும் தம்பியும். ஆளுக்கொரு சீலா மீன் வறுவல். தம்பி தன் இலையில் முன்னால் இருந்த சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, தூரத்துப் பாதியில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அது வேறு யாருடைய பக்கமோ என்று நினைத்துவிட்டான்.

அப்போதுதான் வாப்பாவைக் கவனித்தேன். தலையைக் குனிந்து, இடது கையை இலைக்கு அணை போல வைத்துக்கொண்டு, மடமடவென்று அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் குழம்பு பிசைந்து முடிக்குமுன் அவர் இலை காலி. உம்மாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க இப்பிடி அவசரம்?"

வாப்பா கூச்சத்தோடு சிரித்தார். "பழக்கமாப் போச்சு. அங்கன மெஸ்ல பத்து நிமிசம்தான். அடுத்த ஷிப்ட்காரன் பின்னாடி வந்து நிப்பான்."

இத்தனை வருஷமும் அவர் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார். நாங்கள் நாலு பேர் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் மீன் தள்ளிக்கொண்டிருந்த நேரமெல்லாம்.

சின்னவள் தன் இலையைப் பார்த்தாள். மலை மாதிரி சோறு, தொடாத மீன். வாப்பாவின் காலி இலையைப் பார்த்தாள். அந்த மனிதரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிஞ்சு விரலால் மீன் துண்டை மெல்ல நகர்த்தினாள். இலையின் ஓரம் வந்தது. இன்னும் ஒரு தள்ளு. துண்டு வாப்பாவின் இலைக்குள் விழுந்தது.

"ஒங்க பக்கம்" என்றாள்.

வாப்பா அதைப் பிய்த்து, முள் எடுத்து, பாதியை அவள் இலைக்குத் திருப்பித் தள்ளினார். அவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

உம்மா பைக்குள் கையை விட்டு, சஹனை எடுத்து மேசை நடுவில் டங்கென்று வைத்தார். நாலு இலையில் இருந்த சோற்றையும் அதில் வழித்துக் கொட்டினார். நான் கல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். முதலாளி பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அஞ்சு டோக்கன் வாங்கியாயிற்று, இனி என்ன சொல்ல முடியும்? அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலே, அந்தப் பெரிய தட்டுக்குக் கொஞ்சம் கொழம்பு கொண்டா!"

வாப்பா ரெண்டாம் தரம் சாப்பிட்டார். மெதுவாக, நிமிர்ந்து உட்கார்ந்து, எங்களோடு.

திரும்பி வரும் பஸ்ஸில் உம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். "மூணு சாப்பாட்டுக் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்து கடையே சிரிக்க வச்சியேம்மா!"

உம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "போடி கூறுகெட்டவளே. காசுக்கா நான் அதத் தூக்கிட்டு வந்தேன்? வீட்டுலன்னா சின்னது எந்திரிச்சு அடுக்களைக்கு ஓடிரும். ஹோட்டல்ல எங்க ஓடும்?" சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதாரா, காற்றுக்குக் கண் கலங்கியதா, தெரியாது. அதுவரை உம்மாவைக் கஞ்சப்பிசினாரி என்றே நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வாப்பா புறப்பட்டார். நாங்கள் எல்லாரும் அழுதோம். சின்னவள் அழவில்லை. "போயிட்டு வாங்க மாமா" என்று கையை ஆட்டினாள். அவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வாப்பா சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் நாங்கள் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது வீடியோ கால் வந்தது. உம்மா போனைச் செம்பில் சாய்த்துவைத்தார். வாப்பா அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பயணக் களைப்போடு. சின்னவள் அவரை உற்றுப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். பிறகு தன் பக்கம் இருந்த பாறை மீன் துண்டைக் குழம்போடு எடுத்து, போன் கண்ணாடியில் அப்படியே அழுத்தினாள்.

"வாப்பா, ஒங்க பக்கம்."

எண்ணெய் வழிந்த கண்ணாடிக்குள்ளே வாப்பா வாயைப் பெரிதாகத் திறந்தார். மூடினார். ரொம்ப நேரம் மென்றார்.

"உப்பு சரியா இருக்குதும்மா" என்றார்.