முதுகில் பெயர் ஏறாத ஆய்வேடு

தாக் மியோங்-ஜின் மந்தம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. அந்த வேலையை அவனே எடுத்துக்கொண்டான். தென்கொரியாவின் தேஜோன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்வேதியியல் முதுநிலைப் பட்டம். பாடங்களில் தேறியாயிற்று. ஆங்கிலத் தேர்வில் இரண்டாம் தடவை தேறினான். துறையின் பொதுத் தேர்வில், மேற்பார்வைக்கு வந்தவரே பரிதாபப்படும்படி தேறினான். மிச்சம் ஆய்வேடும், அதை ஏற்று மூன்று பேராசிரியர்கள் குத்த வேண்டிய பெயர் முத்திரையும்தான். இரண்டு வருடப் படிப்புக்கு நான்காம் வருடம் நடந்துகொண்டிருந்தது. "இது படிப்பு இல்லப்பா, குடித்தனம்" என்பான்.

சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்கும் அவன் அம்மா, மருமகளை விசாரிப்பதுபோல் போனில் விசாரிப்பாள்.

"அந்தப் புரதம் எப்படிடா இருக்கு?"

"முகம் கொடுக்கவே மாட்டேங்குதும்மா."

"கொஞ்சம் தாஜா பண்ணிப் பாரேன்டா."

சூட்டில் சாகிற செல்லை ஒரு நொதிப் புரதம் காப்பாற்றும் என்று நிரூபிக்கக் கிளம்பியவன் அவன். நொதியோ தன்னையே காப்பாற்றிக்கொள்ளத் துப்பில்லாமல் குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஒரே ஒரு தடவை, நொதி வேலை செய்ததற்கு அடையாளமாக, எதிர்பார்த்த இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை சோதனைப் படத்தில் விழுந்தது. அப்புறம் தலைகீழாக நின்றும் விழவில்லை. அந்த ஒற்றைப் படத்தை நம்பித்தான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் நின்றது.

இரண்டு முத்திரை விழுந்துவிட்டது. மூன்றாவது, பேராசிரியை குக் சொன்-ஹீயுடையது. அன்று சாயங்காலத்துக்குள் அது விழாவிட்டால் இன்னும் ஒரு பருவம். அம்மாவோ பட்டமளிப்பு நாளைச் சந்தை முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள்.

குக் அந்தப் படத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பட்டையை நீ நம்புறியாப்பா?"

சிவப்பு மை திறந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்லீங்க மேடம். ஒரே தடவைதான் வந்துது. எதையோ மாத்தி ஊத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை."

"அப்ப அதை எடுத்துடு."

"எடுத்தா கடைசி அத்தியாயமே போயிடும். நொதி காப்பாத்தலைங்கிறது மட்டும்தான் நிக்கும்."

"நிக்கட்டுமே. எடுத்துட்டு வா, குத்துறேன்."

எடுத்தான். குத்தினார். ஓட்டமாக ஓடி பைண்டிங் கடையில் கொடுத்தான். கடைக்காரர் தாள்களை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது ஆய்வேடா, ஹோட்டல் மெனுவா? இந்த ஒல்லிக்கு அட்டை முதுகுல பேர் ஏறாதே! நடுவுல கொஞ்சம் வெள்ளைத்தாள் வச்சுத் தைக்கட்டா?"

"வேணாம்ண்ணே. இப்பதான் ஒரு பொய்யை எடுத்துட்டு வந்திருக்கேன்."

முதுநிலை ஆய்வேட்டை யாரும் படிப்பதில்லை. கொதிக்கும் ராம்யோன் நூடுல்ஸ் சட்டிக்கு அடியில் வைப்பார்கள். ஆய்வகத்துத் தம்பி தே-ஹா, கறுப்பு அட்டை போட்டு வந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, இதை நம்பிச் சட்டியை வச்சா மேசை சுட்டுடும்."

மியோங்-ஜினும் சேர்ந்து சிரித்தான். சிரித்தாலும் உள்ளே வலித்தது. நாலு வருட உழைப்பு, ஒரு சட்டிக்கு ஆகவில்லையே!

மறுநாள் மதியம் குக்கிடம் ஒரு பிரதியை இரு கையாலும் நீட்டினான். அவர் மேசையில் கப் நூடுல்ஸ், அப்போதுதான் வெந்நீர் ஊற்றியது. புத்தகத்தை வாங்கியவர் ஆவியில் எழும்பிய காகித மூடியின் மேலேயே வைத்துவிட்டார். மூடி புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. சந்தில் ஆவி வந்தது.

"கனம் பத்தலீங்க மேடம்" என்றான். காது சிவந்துவிட்டது.

குக் அலமாரியின் கீழ்த்தட்டில் துழாவி, சாயம் போன ஒரு கறுப்புப் புத்தகத்தை எடுத்தார். அட்டையில் வட்ட வட்டமாகச் சட்டி சுட்ட தழும்பு. முதுகில் பெயர் இல்லை. அவனுடையதைவிட ஒல்லி. முகப்பில் அவர் பெயரும் முதுநிலைப் பட்டம் என்பதும் மங்கலாகத் தெரிந்தன.

"என்னோடதுலயும் எதுவும் வேலை செய்யலப்பா" என்று அதை அவனுடையதன் மேல் வைத்தார். "நின்னுட்டே இருக்காதே. இன்னொரு கப் இருக்கு, எடு."

மூடி அதற்கப்புறம் எழும்பவில்லை.