தண்ணீருக்குப் பக்கத்துப் பாதை

பாரிஸில் இருக்கும் அக்காவைப் பார்க்க எங்கள் ஊர் முரசுமோட்டையிலிருந்து போயிருந்தேன். ஒருநாள் அவர் வேலைக்குப் போய்விட, நான் குடையோடு தனியாக நகரம் பார்க்கப் புறப்பட்டேன். விடியற்காலையில் தொடங்கிய மழை விடவில்லை. பாலத்தடியில் ஒரு படிக்கட்டைக் கண்டு இறங்கினேன். கீழே ஆற்றை ஒட்டியபடி கல் பதித்த நடைபாதை. ஒருவரும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வெகுதூரம் போன பிறகுதான், ஏன் ஒருவருமே இல்லை என்று யோசித்தேன்.

ஆறு மண்ணிறமாக, சத்தமில்லாமல் ஓடியது. ஒரு முழு மரம் வேரோடு மிதந்து போனது. இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்துவிட்டால் எங்கள் வயல்களுக்குள் வருகிற தண்ணீருக்கும் இதே நிறம்தான்.

மேலே ஏறலாமென்று அடுத்த படிக்கட்டுக்குப் போனால், இரும்புக் கதவு பூட்டியிருந்தது. திரும்பினேன். வந்த பாதையைத் தண்ணீர் மூடியிருந்தது. கரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. குடையை விட்டுவிட்டு, பாதையோர மதிலைத் தடவித் தடவி முழங்கால் தண்ணீரில் நடந்தேன். மேலே வாகனங்கள் இரைந்தன. கத்திப் பார்த்தேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எப்படியோ, நான் இறங்கிய படிக்கட்டுக்கே வந்து சேர்ந்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்த அக்கா சேறு படிந்த என் சப்பாத்தைப் பார்த்தார்.

“எங்கயடி போனனீ?”

“ஆத்தங்கரைக்கு. கீழ இறங்கி நடந்தனான்.”

அக்கா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“போன மாசம் எங்கட தமிழ் ஆள் ஒருத்தர் அதில நடந்து போனவர். இன்னும் உடம்பு கிடைக்கேல்ல.”