கைதட்டத் தயங்கிய பாவா

பொதட்டூர்பேட்டையில் அக்காவின் கணவருடைய தறிக்கொட்டகையில்தான் நானும் என் தங்கையும் லுங்கி நெய்தோம். அவரை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். ஓட்டப்பந்தயம் என்றால் அவருக்கு உயிர். மூச்சிரைப்பு இருந்ததால் அவர் ஓடியதே இல்லை. பத்திரிகையில் வரும் ஓட்டக்காரர்களின் படங்களை வெட்டிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைப்பார்.

எண்பதுகளின் கடைசியில் ஒலிம்பிக்கின் நூறு மீட்டர் ஓட்டம் நடந்த அன்று, பட்டப்பகலில் தறிகளை நிறுத்திவிட்டு, டிவி இருந்த பக்கத்து வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். கண் இமைப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. பாவா அழுதேவிட்டார். "மனுசனா அவன்! காத்து மாதிரி போறான் பாரு" என்று தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

சில நாளில் செய்தி வந்தது. ஜெயித்தவன் ஊக்கமருந்து எடுத்துக்கொண்டு ஓடினானாம், பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். டீக்கடையில் அதைப் படித்த பாவா நேராகக் கொட்டகைக்கு வந்து சுவரிலிருந்த எல்லாப் படங்களையும் கிழித்தார்.

"மத்தவங்க இன்னா பண்ணாங்க பாவா?" என்று கேட்டேன்.

"பண்ணலன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதன்பிறகு எந்த விளையாட்டில் யார் ஜெயித்தாலும், "ஊசி போட்டுகினு வந்திருப்பான்" என்பார்.

அடுத்த வருடம் திருத்தணியில் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். தங்கை ஓடினாள். மலையடிவாரத்தில் முதலாவதாக வந்து நின்று, கூட்டத்தில் எங்களைத் தேடினாள். நான் கத்திக்கொண்டிருந்தேன். பாவா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ இன்னா முழுங்கிட்டு ஓடுன?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கூழு குடிச்சேன் பாவா" என்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று அக்கா சமாதானம் செய்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுபடி ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கு வீட்டுப் பெண், வெளிநாட்டுக்காரன் என்ற பேதமெல்லாம் இல்லை.

ஒரு வாரம் தங்கை அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் விடியற்காலையில் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சைக்கிள எடுத்துகினு வாங்க பாவா. நான் ஓடறத கூடவே வந்து பாருங்க."

ஆர்.கே.பேட்டை ரோட்டில் அவள் ஓட, அவர் பக்கத்திலேயே மிதித்தார். நான் பின்னால் இன்னொரு சைக்கிளில் போனேன். ஏற்றம் வந்ததும் அவருக்கு இரைப்பு வந்துவிட்டது. இறங்கி, சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்தார். அவள் நிற்கவில்லை, மேட்டைத் தாண்டி மறைந்தாள். மூச்சு வாங்கியபடியே பாவா கைதட்ட ஆரம்பித்தார். கேட்கிற தூரத்தில் அவள் இல்லை.

"போய் சொல்லுடா, நான் தட்டனேன்னு" என்றார்.

சைக்கிளை வேகமாக மிதித்துப்போய் அவளிடம் சொன்னேன். "ஆங், இப்பவா?" என்றாள். ஆனாலும் திரும்பி வரும்போது அவருக்காக மெதுவாக நடந்து வந்தாள்.

கொட்டகைச் சுவரில் பாவா மறுபடி எந்தப் படத்தையும் ஒட்டவில்லை. டிவியில் யாராவது ஜெயித்தால் நானும் இன்றுவரை இரண்டு நாள் பொறுத்துத்தான் சந்தோஷப்படுகிறேன்.