மை வைத்த மாம்பழங்கள்

அக்காவின் தலை ஆடிக்கு வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் வேலை இருந்தது. எனக்கு எட்டு வயது. கையில் அக்காவின் மை டப்பா. வினை அங்கேதான் தொடங்கியது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து அக்காவும் பாவாவும் வந்திருந்தார்கள். பாவா என்றால் அக்காவின் புதுக் கணவர். சாயங்காலம் அவர்களோடு சம்பந்தி வீட்டுக்கு ஒரு கூடை நீலம் மாம்பழம் போக வேண்டும். சம்பந்தியம்மா அதை வைத்துத்தான் நம்மை எடைபோடுவாள் என்று அம்மாவுக்குப் பயம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் இரண்டு நாளாக ஒவ்வொரு பழத்தையும் முகர்ந்து பார்த்து அடுக்கியிருந்தார்.

ஆடிக் கிருத்திகைக் காவடி பார்க்கத் தெருவுக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தை உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மாடி, இன்னாமா கீது பழம்!" என்று வாயைப் பிளந்துவிட்டுப் போனாள். அவள் கண் பொல்லாதது என்று ஊருக்கே தெரியும். யாரும் கவலைப்படுவதாக இல்லை. நானே உட்கார்ந்து பழத்துக்கு ஒன்றாகத் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். சில பொட்டுகள் கொஞ்சம் ஈஷிக்கொண்டன.

விசைத்தறி ஓட்டும் பாவாவுக்கு மாம்பழம் பற்றித் தெரியாது. ஆனால் அவருடைய போனுக்குத் தெரியும். படம் பிடித்தால் பழத்துக்கு என்ன நோய் என்று சொல்லும் செயலியை அதில் வைத்திருந்தார். மாமனார் வீட்டில் அதைக் காட்டாமல் இருக்க முடியுமா? கூடைக்கு மேல் பிடித்தார்.

"மாமா, பூஞ்சை நோயாம். கரும்புள்ளி. எல்லாத்துலயும் கீதுங்க."

நைனா ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு மை அப்பிய என் கன்னத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளையின் பேச்சை எங்கள் பக்கம் யாரும் மறுப்பதில்லை.

"ஆங், மாப்பிள்ளை சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்று நைனா விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

நைனா முகர்ந்து பார்த்து ஒதுக்கிவைத்த பழங்கள் மூலையில் கிடந்தன. பாவா அவற்றையும் படம் பிடித்தார். போன் அத்தனையும் நல்ல பழம் என்றது. பொட்டு வைத்த பழங்களைப் பாவா தன் கையாலேயே இறக்கிவைக்க, அவையே கூடை ஏறின. அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. புறப்படும்போது பாவாவின் புது வெள்ளைச் சட்டையில் கறுப்பாக விரல் தடம். அவர் அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கூடையோடு பஸ் ஏறினார்.

மூன்றாம் நாள் அக்கா போனில் அம்மாவிடம் அழுதாள். உள்ளே ஒளிந்திருந்த பூஞ்சை பழுக்கப் பழுக்க வெளியே வந்து, கூடை முழுக்கக் கறுத்துவிட்டதாம். தான்தான் வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டதாகப் பாவா தன் அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தாராம். சற்று நேரத்தில் அவரே நைனாவிடம் பேசினார்.

"பழம் தேனு மாமா! எங்கம்மா ஒண்ணுகூட மிச்சம் வெக்கல."

"ரொம்ப சந்தோஷங்க," என்றார் நைனா, மை கழுவிய நீலத்தைச் சப்பிக்கொண்டே.

பாவாவுக்கு மைக்கும் பூஞ்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நைனா வாயைத் திறந்தால் பொய். பெரியவர்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஆடிக்கு வந்த பாவா போனை வெளியே எடுக்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டு ஒரு புது மை டப்பாவைக் கையில் வைத்தார். நைனா புரையேறும்வரை சிரித்தார். பாவம், அக்காவுக்கு வாங்கியதை ஞாபகமறதியில் என்னிடம் கொடுக்கிறார் என்று நினைத்து, அதை நான் அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.