மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது

விற்கப்போகும் வீட்டில் யாரும் குடியிருப்பதாகவே தெரியக்கூடாது என்றார் தரகர். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டலின் மூலை மேசைதான் அவருடைய அலுவலகம். நான் கொண்டுபோயிருந்த பத்திரக் கோப்பை அவர் திறக்கவில்லை. எங்கள் கட்டடத்து ஹவுசிங் சொசைட்டியின் பங்குச் சான்றிதழ், வரி ரசீதுகள், பாக்கி இல்லை என்ற கடிதம் எல்லாம் அதில் தேதிவாரியாக இருந்தன. பத்திரப்பதிவு அலுவலகத்தில், பிறர் கொண்டுவரும் பத்திரங்களில் குறை கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவன் நான். என் பத்திரத்தில் யாரும் குறை காணமுடியாது என்று ஒரு கர்வம் இருந்தது. அதைத் திறந்து குறை தேடும் அளவுக்குக்கூட யாரும் வரப்போவதில்லை என்பது அப்போது தெரியாது.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. தீபாவளிக்குப் பிறகு என் மனைவி கீழே இறங்கவில்லை, முழங்கால்கள் மறுத்துவிட்டன. செம்பூரில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். அதன் சொந்தக்காரர், என்னோடு வேலை பார்த்தவர், பள்ளிக்கூட லீவு வரைக்கும்தான் காத்திருப்பேன் என்றார். அதற்குள் எங்கள் வீடு விலைபோகாவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது பால்கனியும், எதிரே இருந்த வேப்பமரத்தின் மேல்பாதியும்தான்.

தரகர் ஒருநாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"டிரம் ரெண்டையும் எடுத்துடுங்கோ சார். பார்த்தா தண்ணிக் கஷ்டம்னு நினைப்பா."

"தண்ணிக் கஷ்டம் இருக்கே?"

"இருக்கட்டும். கண்ல படவேண்டாம்கறேன்."

டிரம்கள் எதிர்வீட்டுக்குப் போயின. கொடியில் துணி கூடாது, பெருங்காய வாசனை கூடாது. சுவருக்கெல்லாம் டிஸ்டெம்பர் அடித்தோம். கடைசியில் அவர் பார்வை மனைவியின் கைத்தடியில் நின்றது.

"மாமி இந்தக் கம்போட நடமாடினா, படி கஷ்டம்னு தன்னால தெரிஞ்சுடும். ஏன் விக்கறேள்னு கேட்டா, பையன் ஃபாரின்ல இருக்கான், கூப்பிடறான்னு சொல்லுங்கோ."

"எங்களுக்கு ஒரே பொண்ணு. நாக்பூர்ல இருக்கா."

"நாக்பூருக்காக வீட்டை விக்கறான்னு யார் சார் நம்புவா?"

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "பெறாத பிள்ளையை ஃபாரினுக்கு அனுப்பியாச்சு. அப்படியே ஒரு கல்யாணத்தையும் பண்ணி வச்சுடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனிக்கும் வாசலுக்கும் நடுவே நான் அலைந்துகொண்டிருந்தேன். கேட்டருகே புதுத் தலை தெரிந்தால் ஊதுவத்தி கொளுத்துவேன், விளக்கைப் போடுவேன். வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நுழைவார்கள். அவள் நிலைப்படியில் ஒரு கையை ஊன்றி நின்று, வலி எதுவும் இல்லாதவள்போல் வரவேற்பாள். காப்பியெல்லாம் வேண்டாம் என்று தரகர் சொல்லிப்பார்த்தார். வந்தவாளுக்குக் காப்பி கொடுக்காமல் வீட்டை விற்கவே வேண்டாம் என்றுவிட்டாள். நான் கொண்டுவந்தால் மாமிக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்பார்களாம். ஆகவே சமையலறையிலிருந்து கூடம் வரை, கையில் தட்டோடு, தடியில்லாமல் அவளே நடந்தாள். அவர்கள் படியிறங்கும் ஓசை அடங்கியதும் கட்டிலில் சாய்வாள். நான் வெந்நீர்ப் பையோடு நிற்பேன். விற்பதற்கு முன்பே கால் போய்விடும்போல இருந்தது.

பார்த்துப்போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. ஒருவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப்பார்த்து, "தீபாவளியும் இல்லை, கல்யாணமும் இல்லை. டிஸ்டெம்பர் எதுக்கு? எங்கே ஒழுகறது?" என்றார். எங்கேயும் ஒழுகவில்லை. அதை நிரூபிக்க என் கோப்பில் தாள் இல்லை.

பிறகு தாராவியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார்கள். அந்தப் பெண் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். காற்று வந்தது.

"தண்ணி எப்ப வரும்?"

"எப்பவும் வரும்" என்றார் தரகர்.

"பம்பாய்லயா?" என்று அவள் சிரித்துவிட்டாள். "மாமி, டிரம்ம எங்க ஒளிச்சு வச்சிருக்கீய?"

மனைவி கையில் காப்பித்தட்டோடு நின்றாள்.

"டிரம் எதிர்வீட்டுல இருக்கு. என் கம்பு கட்டிலுக்கு அடியில. முட்டி போயிடுத்தும்மா, படி ஏற முடியல. அதுக்குத்தான் விக்கறோம். பையன் ஃபாரின்லேன்னு இவா சொல்லுவா, நம்பாதே."

தரகர் பால்கனிக்குப் போய் வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பெண் தட்டை வாங்கி வைத்து, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இதுக்கா இம்புட்டு பாடு? எங்க வீட்டுல மாடிக்கு இரும்பு ஏணி மாமி. நெட்டுக்குத்தா நிக்கும். பிள்ளைய இடுப்புல இடுக்கிக்கிட்டு ஒத்தக் கையால ஏறுதேன். இங்க கைப்பிடி இருக்கு, நின்னு மூச்சு விட எடம் இருக்கு. ராணி மாதிரில்லா ஏறலாம்."

"இப்ப ஏறுவே. என் வயசுல?"

"அப்ப நானும் ஒரு புரோக்கரப் பிடிச்சு டிரம்ம ஒளிச்சு வைப்பேன்."

மனைவி சிரித்து வெகுநாளாகியிருந்தது. அந்தப் பெண்ணின் கணவர் என் பக்கம் திரும்பி, "எப்ப சார் காலி பண்ணுவீங்க?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

அதன் பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் மாமிசம் சமைப்பார்களா என்று சொசைட்டிச் செயலாளர் விசாரித்தார். உறுப்பினரின் அடுப்பில் என்ன வேகவேண்டும் என்று நம் விதிகளில் எங்கேயும் இல்லை என எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். ஒரு வாரம் என்னை முறைத்துவிட்டுச் சம்மதக் கடிதம் தந்தார். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால் பத்திரப்பதிவுக்கு அவளும் வரவேண்டும். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் பதிவு அலுவலரே வர விதியுண்டு. மனுவைத் தயாராக எழுதி வைத்தேன்.

"எப்படியும் ஒருநாள் இறங்கித்தானே ஆகணும்? உங்க ஆபீசர் வந்து என்னைத் தூக்கிண்டு போவாரா?" என்றாள். இறங்கினால் திரும்ப ஏறமாட்டேன், கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே செம்பூர் என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே சாமான்களை முதல்நாளே அனுப்பினோம்.

நாற்காலியில் வைத்துத் தூக்க அவள் இடம் தரவில்லை. படியில் உட்கார்ந்து, அடுத்த படிக்கு நகர்ந்து, குழந்தைபோல் இறங்கினாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரோ மோர் கொடுத்தார்கள். நான் கீழே ஓடி டாக்ஸி நிற்கிறதா என்று பார்த்தேன். மேலே ஓடிப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். மறுபடி கீழே. மறுபடி மேலே ஏறியபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் என் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"மேல போய் என்ன பார்க்கறேள்? அது இனிமே அவா வீடு. சித்த உட்காருங்கோ."

பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.